ஒரு செட் மாத்திரை

சென்னை,
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேல்விழி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். கீழப்பாவூரில் நீ, அத்தான், பாப்பா, இலஞ்சியில் அம்மா எல்லாரும் சுகம்தானே? அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஹாஸ்டலில் எல்லார் செல்லையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் முன்னால் நின்று பத்து நிமிஷம் பேசலாம், அதுவும் ஸ்பீக்கரில். கோச் ஏசுதாசன் சார், "போட்டி முடியுத வரைக்கும் செல்லும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி மாநிலப் போட்டி. எண்ணூறு மீட்டர். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் போலீஸ் விளையாட்டுக் கோட்டாவுக்குக் கூப்பிடுவார்கள். அப்பா போன பிறகு அம்மா வயல் வேலைக்குப் போய்க் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை. இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் அக்கா.

ஆனால் கால் சதி பண்ணுகிறது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலி, வீக்கம். ஹாஸ்டல் டாக்டர் மூன்று வாரம் ஓடவே கூடாது என்கிறார். சாருக்குத் தெரிந்தால் பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிடுவார். அத்தானுடைய மெடிக்கல் கடைக்கு வரும் பீடி சுற்றும் அக்காமாருக்கு மூட்டு வலிக்கு ஒரு செட் மாத்திரை மடித்துக் கொடுப்பாயே, அதில் நாலைந்து செட் அனுப்பு. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

பாப்பாவுக்கு முத்தம்.

உன் தங்கச்சி,
வேலு

* * *

கீழப்பாவூர்,
26.6.2024

அன்புத் தங்கை வேல்விழிக்கு,

அக்கா ஜெயசித்ரா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். உன் கால் சுகமாக நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டேன். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது. சாரல் இங்கே வரைக்கும் வந்து துணி காய மாட்டேன் என்கிறது.

முறுக்கு டப்பா அனுப்பியிருக்கிறேன். அடியில் பேப்பருக்குக் கீழே ஐந்து செட் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாலு நாளும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு செட், போட்டி அன்று காலையில் கடைசி செட். வழக்கமான செட்டோடு சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று நானாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நம் கடையில் 'வீக்க மாத்திரை' என்றுதான் கேட்பார்கள். எழுந்து நிற்கமாட்டாமல் வந்த பொம்பளைகள் மறுநாள் துள்ளிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். தைரியமாகச் சாப்பிடு.

யாரிடமும் சொல்லாதே. அத்தானுக்கும் தெரியாது. நம் கடைச் சுவரில் பார்மசிஸ்ட் பால்வண்ணநாதன் சாருடைய சர்டிபிகேட்தான் தொங்குகிறதே தவிர அவர் ஒரு நாளும் வந்து நின்றதில்லை, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான் என்று உனக்குத் தெரியும். வெளியே தெரிந்தால் வம்பு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

இலஞ்சி ஸ்கூல் கிரவுண்டு ஞாபகம் இருக்கிறதா? நாலு சுற்றில் மூன்று சுற்றுக்கு நான் முன்னால் ஓடிக் காற்றை வாங்கிக்கொள்வேன், கடைசிச் சுற்றில் ஒதுங்கிக்கொண்டு "ஓடுட்டி!" என்று கத்துவேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள். ஜெயித்துவிட்டு எழுது.

உன் அக்கா,
ஜெயசித்ரா

* * *

சென்னை,
14.7.2024

என் தங்கமான அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம்! தங்கம் வாங்கிவிட்டேன்! இன்று காலை போனில் எல்லாரும் அழுததில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

எனக்கு நாலாவது லேன். முதல் வளைவு தாண்டி உள்ளே வந்ததும் ஆளாளுக்கு முழங்கையால் இடித்தார்கள். கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது ஐந்தாவதாக இருந்தேன். ஏசுதாசன் சார் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "அவசரப்படாதட்டி, அவளுவ செத்துருவாளுவ, அங்கனயே கெட!" என்று கத்தினார். அவர் சொன்ன மாதிரியே அறுநூறில் ஒவ்வொருத்தியாகத் தளர்ந்தாள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாகப் போனேன். கடைசி ஐம்பது மீட்டரில் கை, கால் எதுவும் என்னுடையதாக இல்லை. ஆனால் அந்தக் கால் வலிக்கவே இல்லை அக்கா! நேரம் 2:08.61. என் வாழ்க்கையிலேயே இதுதான் குறைந்த நேரம்.

முடிந்ததும் ஊக்கமருந்துப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா பாத்ரூமுக்குள்ளேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தும் வரவில்லை, வெட்கம். பாரத்தில் ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தை எல்லாம் எழுதச் சொன்னார்கள். நீ யாரிடமும் சொல்லாதே என்றாயே, அதனால் 'எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டேன்.

கோட்டாவுக்கு சர்டிபிகேட் சரிபார்க்க செப்டம்பரில் கூப்பிடுவார்களாம். அம்மாவை இனிமேல் வயலுக்குப் போகக் கூடாது என்று சொல்.

அத்தானுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

வேலு

* * *

கீழப்பாவூர்,
24.7.2024

அன்பு வேலுவுக்கு,

எல்லாரும் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது? இலஞ்சி விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், உனக்குப் பெரிய பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அம்மா தினமும் அதுக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் கடைக்குப் போகிறாள். "மாரித்தாய் மவ போலீசாவப் போறா" என்று பேச்சு. அத்தான் கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பாரத்தில் எழுதியதை யாராவது திரும்பக் கேட்டார்களா? என் கடிதத்தைக் கிழித்துவிட்டாய்தானே? சும்மாதான் கேட்டேன். ஒன்றும் யோசிக்காதே. நன்றாகச் சாப்பிடு.

அக்கா

* * *

சென்னை,
3.9.2024

அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகமாக இல்லை.

நேற்று சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். என் சாம்பிளில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். போட்டி நேரத்தில் சாப்பிடக் கூடாத மருந்தாம். சார் என்னைத் திட்டவே இல்லை. "உண்மையச் சொல்லு தாயி, யாரு குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இடைநீக்கம் செய்துவிட்டார்கள். கோட்டா சரிபார்ப்புக்கு வரவேண்டாம் என்று தகவல் வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஹாஸ்டலைக் காலி பண்ணவேண்டும். ஊருக்கு வரமாட்டேன். அந்த பிளெக்ஸைத் தாண்டி எப்படி நடப்பேன்? என் கூட ஓடுகிற ஹுஸ்னாவின் வீடு தாம்பரத்தில் இருக்கிறது. அவள் அம்மா வரச் சொல்லியிருக்கிறார்கள். முகவரியும் போன் நம்பரும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்ன மாத்திரை அக்கா? பெயர் மட்டும் சொல். நீ தெரிந்தே அதை வைத்திருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். நான் கேட்டேன், நீ கொடுத்தாய். பயமாக இருக்கிறது. உடனே எழுது.

வேலு

* * *

கீழப்பாவூர்,
28.9.2024

அன்புள்ள வேல்விழிக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். வேலை அதிகம், அதனால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்குச் சளி பிடித்துச் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மறுபடியும் நாற்று நடப் போகிறாள். இந்த வருஷம் சீசன் முடிந்த பிறகும் அருவியில் தண்ணீர் இருக்கிறது. வெளியூர்க் கார் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நீ மனசைத் தளரவிடாதே. ஹாஸ்டல் சாப்பாட்டில் என்ன கலந்தார்களோ, யாருக்குத் தெரியும்? உன் மேல் பொறாமை பிடித்தவர்கள் யாராவது தண்ணீர் பாட்டிலில் ஏதாவது போட்டிருக்கலாம். கேட்கிறவர்களிடம் அப்படிச் சொல்.

போன் பண்ணாதே, செல் அத்தானிடம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எதையும் எழுதிவிடாதே. கடிதத்தையும் கடைக்கு அனுப்பாமல் அடுத்த வீட்டுத் தையல்காரி செண்பகவல்லி பெயருக்கு அனுப்பு.

அக்கா

* * *

தாம்பரம்,
5.10.2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். சளி இருக்கிறது, அருவி இருக்கிறது, வெளியூர்க் கார் இருக்கிறது. மாத்திரை என்கிற சொல் மட்டும் இல்லை. என் தண்ணீர் பாட்டிலில் யாரோ கலந்தார்கள் என்று யார்மேல் பழி போடச் சொல்கிறாய்? ஹுஸ்னா மேலேயா? நான் அவள் வீட்டில் சோறு தின்கிறேன் அக்கா. வெட்கமாக இல்லையா உனக்கு?

ஹுஸ்னாவின் மாமா ஹுஸைஃபா வக்கீல். கேஸை அவர்தான் பார்க்கிறார். அந்த மருந்து எந்த வழியாக என் உடம்புக்குள் வந்தது என்று காட்டினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று நம்புவார்கள், கண்டித்துவிட்டுக்கூட விடலாம். காட்ட முடியாவிட்டால் இரண்டு வருஷம் தடை. 'நான்தான் கொடுத்தேன், இன்ன மாத்திரை, அவளுக்குத் தெரியாது.' இவ்வளவுதான் வேண்டும். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இங்கே என் நிலைமை தெரியுமா? எந்த கிரவுண்டிலும் என்னை மற்றவர்களோடு ஓட விடமாட்டார்கள். காலையில் ரயில்வே காலனித் தெருவில் தனியாக ஓடுகிறேன். கால் மறுபடி வீங்கிவிட்டது. தலைவலித்தால்கூட மாத்திரையைத் தொடப் பயம். போன வாரம் ஒரு பையன் என்னைக் காட்டி, "ஊசி போட்டு ஓடுனது இந்த அக்காதான்" என்று அவன் தங்கச்சியிடம் சொன்னான். செத்துப் போகலாமா என்று இருந்தது. ஹுஸ்னாவிடம் சொன்னேன். அன்றையிலிருந்து அவள் என் பாயிலேயே படுக்கிறாள், காலேஜுக்குக்கூட என்னைக் கூட்டிக்கொண்டுதான் போகிறாள்.

டிசம்பரில் விசாரணை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எழுது.

வேல்விழி

* * *

கீழப்பாவூர்,
9.11.2024

வேலுவுக்கு,

தீபாவளிக்குக்கூட நீ வரவில்லை. என் சுகத்தைச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். செண்பகவல்லி என்ன என்று கேட்டாள், வெங்காயம் உரித்தேன் என்றேன். அத்தானிடம் பாதிதான் சொன்னேன், மீதியை அவரே புரிந்துகொண்டார். "நீ கையெழுத்துப் போட்ட அன்னைக்கே டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து நிப்பான். கடைக்குப் பூட்டு, உனக்கு விலங்கு. பிள்ளைய எவ பாப்பா? அவ ஓடலன்னா யாரும் சாவப் போறதில்ல" என்கிறார். மாமியார் என்னோடு பேசுவதில்லை.

அத்தான் தென்காசிக்குக் கூட்டிப் போய் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வக்கீல் எழுதியது. உன் வக்கீலுக்கு அனுப்பச் சொன்னார்கள், கூட வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

என் பழைய கடிதத்தைக் கிழித்தாயா என்று கேட்டிருந்தேன். நீ பதில் சொல்லவே இல்லை.

ஜெயசித்ரா

(இணைப்பு)

கீழப்பாவூரில் வசிக்கும் சுடலைராஜ் மனைவி ஜெயசித்ரா ஆகிய நான் உறுதியாகத் தெரிவிப்பது: வேல்விழி என்பவருக்கு நான் எக்காலத்திலும் எந்த மருந்தும் கொடுத்ததோ அனுப்பியதோ இல்லை. அவர் மீதான குற்றச்சாட்டுக்கும் எனக்கும், என் கணவரின் கடைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

* * *

தாம்பரம்,
20.12.2024

அக்காவுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டு வருஷம் தடை, அந்தத் தங்கமும் ரத்து. ஏசுதாசன் சார் போன் பண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதோடு போனை வைத்துவிட்டார்.

'வேல்விழி என்பவர்' ஆகிவிட்டேன் உனக்கு. எத்தனை நாள் உன் தட்டில் சாப்பிட்டிருப்பேன், எத்தனை நாள் உன் பழைய ஸ்பைக்ஸ் ஷூவில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன்.

நீ இரண்டு தடவை கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கிழிக்கவில்லை. ஜூன் மாதம் நீ எழுதிய கடிதம் அப்படியே என் பெட்டியில்தான் இருந்தது. உன் கையெழுத்து, ஐந்து செட், சின்ன வெள்ளை மாத்திரை, எல்லாம் அதில் இருக்கிறது. விசாரணை அன்று என் மடியில்தான் வைத்திருந்தேன். ஹுஸைஃபா மாமாவிடம்கூடக் காட்டவில்லை. "யார் கொடுத்தார்கள்?" என்று விசாரணைக் குழுவில் மூன்று பேர் கம்ப்யூட்டர் திரையில் இருந்து மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தெரியாது, தெரியாது, தெரியாது என்றேன். எடுத்து நீட்டியிருந்தால் அது நான் உன்னைக் காட்டிக் கொடுத்தது. நீயே சொன்னால் அது வேறு. நீ சொல்வாய் என்று கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பினேன் அக்கா. நான் ஒரு கிறுக்கி.

மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் இருக்கிறதாம். ஜனவரி ஆறாம் தேதியோடு முடிகிறது. எனக்குத் தெம்பு இல்லை. கடிதத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். உன் பயம் தீரட்டும். நீயே கிழித்துக்கொள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

வேல்விழி

* * *

ரயிலில்,
4.1.2025

என் வேலுவுக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இதைத் தபாலில் போடவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் உன் கையில் கொடுப்பேன். ஹுஸ்னாவின் அம்மாவிடம் காலையில் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், அவர்கள் உன்னைக் கூட்டி வருவார்கள். உன்னைப் பார்த்ததும் என்னால் பேச முடியாது. படித்து முடிக்கிற வரைக்கும் நீயும் ஒன்றும் பேசாதே. ரயில் சங்கரன்கோவில் தாண்டிவிட்டது. ஆட்டத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

நீ கிழித்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் நான் கிறுக்கிப் போட்ட தாளைக்கூட எடுத்து நோட்டுக்குள் வைப்பவள் நீ. நீ அதை எடுத்து நீட்டிவிடுவாய், யாராவது ஜீப்பில் வந்து இறங்குவார்கள், அப்போது எனக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வழி இருக்காது என்று நினைத்தேன். செப்டம்பரில் இருந்து கடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. நானாக வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் நீ என்னை இழுத்துக்கொண்டு போவாய் என்று காத்திருந்தேன். நீயோ நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாய். இப்படி இரண்டு கிறுக்கிகளை அம்மா பெற்றிருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று என் கடிதத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டு போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். 'தைரியமாகச் சாப்பிடு' என்று நான் எழுதியிருந்த இடம் கண்ணில் பட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பத்து நாள் எனக்கு ஆகியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அத்தானிடம் சொன்னேன். "இந்தப் படிய எறங்குனேன்னா திரும்ப ஏறக் கூடாது" என்றார். சரி என்றேன். பாப்பாவைத் தூக்கப் போனேன். மாமியார் பிள்ளையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். "அம்மா, அம்மா" என்று பாப்பா உள்ளே இருந்து கதவைத் தட்டினாள். நாலு வயசுப் பிள்ளை. நான் அதைக் கேட்டுக்கொண்டே செருப்பு மாட்டினேன். அவளை எப்படித் திரும்ப வாங்குவேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா இன்றைக்கு அந்த வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள், பேத்தியைக் காட்டாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று.

என் பையில் மூன்று சாமான் இருக்கிறது. நீ திருப்பி அனுப்பிய என் ஜூன் மாதக் கடிதம் ஒன்று. கடையில் இருந்து எடுத்த அந்த மாத்திரை அட்டை ஒன்று, பெயரும் பேட்ச் நம்பரும் அதில் இருக்கிறது. மூன்றாவது, என் கைப்பட எழுதிய வாக்குமூலம். நான்தான் கொடுத்தேன், மருந்துப் படிப்பு எதுவும் படிக்காமல் கொடுத்தேன், அவளுக்குத் தெரியாது, நவம்பரில் நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று எழுதியிருக்கிறேன். கடைக்கும் எனக்கும் என்ன வந்தாலும் வரட்டும். நாளை ஐந்தாம் தேதி, மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கும். வக்கீல் மாமா வீட்டுக்கு நேராகப் போகலாம், குளிக்கக்கூட வேண்டாம். அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை. போன வேலை போனதுதான். ஆனால் நீ ஏமாற்றி ஓடவில்லை என்று ஒரு தாளிலாவது இருக்கவேண்டும்.

அந்த 'என்பவர்' என்ற சொல்லுக்கு நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் போதாது. உன் கால் வீக்கத்தை முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுவோம். நான் இனி எந்த மாத்திரையும் தரமாட்டேன்.

படித்துவிட்டாயா? இதைக் கிழிக்காதே. மாமாவிடம் மற்றதோடு சேர்த்துக் கொடு.

உன் அக்கா,
ஜெயசித்ரா